ஹெட்லிக்குப் பக்கத்து இடம்

நெவில் க்ளெக் பொறாமைக்காரர் என்பது எங்கள் மலைச்சரிவு ஊர் ஹார்ன்ஷாவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவரும் அதை ஒளித்து வைத்தவர் இல்லை. அண்ணனுக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஒன்பது வயதில் ஒரு வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்ட ஆள். மனைவி க்ளெண்டா தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தவறாமல் தேவாலயத்துக்கு எதிரே இருந்த தபால் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக, அதில் இல்லாத கடிதங்களைத் தேடிக்கொண்டு நின்றார். அதெல்லாம் இளவயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். அறுபத்தெட்டு வயதில், கூடப் பழகிய ஒரு கிழவனுக்காக இந்த மனுஷன் வயிறு எரிந்து கிடப்பார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை.

முப்பத்து நாலு வருஷம் தபால்காரராக இருந்தவர் நெவில். எங்கள் ஊரில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. ரயில் நிலையமும் கால்வாயும் அடியில் இருக்கின்றன. அங்கிருந்து வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். கீழ்வீட்டுக்கு வாசல் ஒரு தெருவில், அதே கட்டடத்தின் மேல்வீட்டுக்கு வாசல் பின்பக்கம் இன்னொரு தெருவில். ஒரு கடிதத்தைத் தப்பான பெட்டியில் போட்டுவிட்டால் அதைத் திருத்த அறுபது படி ஏறி இறங்கவேண்டும். அதனால் நெவிலின் கால்கள் இரும்பாகிப் போயின. அவருக்குக் கர்வம் என்று ஏதாவது இருந்ததென்றால் அது முட்டிக்குக் கீழேதான் இருந்தது.

கால்பந்துத் திடல் எல்லாவற்றுக்கும் மேலே, ஆடு மேயும் தரிசுக்குப் பக்கத்தில். எங்கள் ஹார்ன்ஷா டவுன் பெரிய லீக் எதிலும் கிடையாது. மேலிருந்து எண்ணினால் ஒன்பதாவது அடுக்கில் தொங்கிக்கொண்டிருக்கிற அணி. கோல்கீப்பர் வாரநாட்களில் குழாய் ரிப்பேர் செய்பவன். இருநூறு பேர் வந்தால் நல்ல கூட்டம். திடல்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்ததுதான், டாஸ் ஜெயித்தால் இரண்டாம் பாதியில் சரிவில் இறங்கி ஆடுகிற மாதிரி பக்கம் கேட்டுக்கொள்வார்கள்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி சனிக்கிழமை, முழங்கால் அளவு பனியில் நெவில் மேலே ஏறிப் போனார். கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஆட்டம் ரத்து என்று ஊருக்கே தெரியும், ஒருத்தரும் வரவில்லை. இன்னொரு முட்டாள் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் குவாரியில் லாரி ஓட்டுகிற ஹெட்லி புரூம். பெரிய உடம்பு, சின்னக் குரல். இரண்டு பேருமாகப் பக்கத்தில் இருந்த ஷெப்பர்ட் பப்புக்குள் நுழைந்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு உள்ளூரில் ஆட்டம் இருக்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஒழுங்கு. பன்னிரண்டரைக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய ரயில்வே பப். அங்கே அரை பைன்ட் பீர், ஒரு சின்னக் கிளாஸ். அப்புறம் சந்தைத் தெரு ஏறி ஃப்ளீஸ் பப், அங்கே அரை. அப்புறம் தேவாலயப் படிகள், நூற்று அறுபத்து நாலு, அதில் பாதி தூரத்தில் வீவர்ஸ் பப், அங்கே அரை. மிச்சப் படியும் ஏறினால் உச்சியில் ஷெப்பர்ட். மூன்று மணிக்கு ஆட்டம். இறங்கும்போதுதான் முழு பைன்ட். ஏறும்போது அரை, இறங்கும்போது முழுசு என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம், மீறியவனைப் படியிலிருந்து பொறுக்கி எடுக்கவேண்டியிருக்கும்.

நெவில் பேசுவார், ஹெட்லி கேட்பார். நெவிலின் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே மனுஷன் இந்த உலகத்தில் ஹெட்லிதான். க்ளெண்டா பாதியில் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவாள். ஹெட்லியின் மனைவி ஆறு வருஷம் முன்பு இறந்தபோது, அடக்கம் முடிந்த அந்தச் சனிக்கிழமையும் ஹெட்லி பன்னிரண்டரைக்கு ரயில்வேயில் வந்து உட்கார்ந்தார். நெவில் அன்றைக்கும் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் ஹெட்லி வந்ததாக நெவில் நினைத்துக்கொண்டார், அது உண்மையாகவும் இருக்கலாம்.

ரயில் நிலையத்திலிருந்து மேலே ஒரு குட்டி பஸ் போகும். அதில் ஏறி ஆட்டத்துக்கு வருபவர்களைக் கண்டால் நெவிலுக்கு ஆகாது. படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த பஸ் திருப்பத்தில் தெரிந்தால் நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டுவார்.

"பார்றா, பார்சல் வண்டி. எல்லாத்துக்கும் தபால்தலை ஒட்டியாச்சான்னு கேளு."

ஹெட்லி சிரிப்பார். எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பார்.

போன செப்டம்பரில்தான் பிலிப்பா வந்து சேர்ந்தாள். கென்ட் பக்கத்தவள், பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், இடுப்பு எலும்பு முறிந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள அடுத்த கோடைவரை இங்கே தங்கப் போகிறவள். குண்டாக, கன்னம் சிவந்து, விலை உயர்ந்த காலணி போட்டுக்கொண்டு ரயில்வே பப்புக்குள் வந்து, இங்கே நல்ல பீர் எது என்று கேட்டாள். பதில் சொன்னது நெவில். எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட்டதும் நெவில். அதை நினைத்து நினைத்து அவர் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் ஒரு சின்ன நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"முன்னூத்திப் பன்னெண்டு மைதானம் பாத்திருக்கேன். எல்லாமே இந்த மாதிரி சின்ன அணிங்கதான். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு பப். ரெண்டையும் எழுதி வச்சுக்குவேன்."

நெவிலுக்கு அங்கேயே சுருக்கென்றது. வெளியூர் ஆட்டமென்று அவர் போனது நாற்பது, நாற்பத்தைந்து இடம் இருக்கும். ஆனால் அவரைச் சுட்டது அந்த எண்ணிக்கை இல்லை. பக்கத்தில் இருந்த ஹெட்லி முன்னால் சாய்ந்து, "அதுல எது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது?" என்று கேட்டாரே, அதுதான். இருபத்தேழு வருஷத்தில் ஹெட்லி தன்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதுண்டா என்று நெவில் யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கும் மூன்று பேருமாக ஏறினார்கள். அதற்கடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் ஹெட்லி போன் செய்தார்.

"நாளைக்கு நீ முன்னாடி போயிடுடா. நான் பிப்போட பஸ்ல வந்துடறேன். ஷெப்பர்ட்ல பாப்போம்."

"யாரு பிப்?"

"பிலிப்பா."

"அதுக்குள்ள பேரு சுருங்கிடுச்சா?"

"அவங்கள எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்."

"நான் கூப்பிடல." நெவில் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். "பஸ்லயா?"

"அவங்களுக்குப் படி ஆகலடா. முட்டி. தனியா பஸ்ல அனுப்பறது நல்லா இல்லல்ல?"

"பார்சலுக்குத் துணைக்கு இன்னொரு பார்சலா?"

ஹெட்லி சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்ததுபோல நெவிலுக்குப் பட்டது.

அந்தச் சனிக்கிழமை அவர் தனியாக ஏறினார். ரயில்வேயில் பழக்கதோஷத்தில் இரண்டு அரை வாங்கிவிட்டார். ஃப்ளீஸில் பேச ஆள் இல்லாமல் சுவரில் இருந்த பழைய அணியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீவர்ஸில் உட்காரவே இல்லை. ஒன்றரைக்கெல்லாம் ஷெப்பர்டில் போய் நின்றால், அங்கே முதலாளி கிளாஸைத் துடைத்தபடி, "என்ன நெவில், ஜோடிப்புறா எங்க? கோச்சுக்கிட்டுப் போயிடுச்சா?" என்றார்.

"வருவான்."

இரண்டே முக்காலுக்கு வந்தார்கள். ரோட்டுப் பக்கக் கதவு வழியாக, பிலிப்பாவின் கை ஹெட்லியின் கைக்குள் செருகியிருக்க, எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தார்கள். நெவில் அந்தக் கைகளைப் பார்த்தார். பெண் விஷயமாக இருந்தால்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஹெட்லிக்கு ஒரு துணை கிடைத்தால் நல்லதுதானே என்று ஊருக்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஹெட்லி அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். தனக்கு இத்தனை வருஷமாகக் காதை மட்டும் கொடுத்துவிட்டு, வாயை இவளுக்கென்று சேர்த்து வைத்திருந்தானா இந்தப் பயல் என்று நினைக்க நினைக்க நெவிலுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் அதை அவள்மேல் காட்டினார். "வாங்க வாங்க, பார்சல் பத்திரமா வந்து சேந்துதா? ஓட்டை ஒடசல் இல்லையே?" என்றார். ஹெட்லி தரையைப் பார்த்தார். பிலிப்பா கொஞ்சமும் கோபப்படாமல், "மேல 'உடையும் பொருள்'னு எழுதி ஒட்டியிருந்தாங்க, அதான் மெதுவாக் கொண்டுவந்தாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் கோபப்படாததும் நெவிலுக்குப் பிடிக்கவில்லை.

திடலில் இன்னொரு அடி. எங்களுடையது மாதிரி சின்ன மைதானங்களில் ஆள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். முதல் பாதியில் நம் ஆட்கள் எந்த கோலைத் தாக்குகிறார்களோ அதற்குப் பின்னால் நிற்போம், இடைவேளையில் எல்லாரும் சுற்றி நடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவோம். நெவிலும் ஹெட்லியும் அதை ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. இப்போது ஹெட்லி போகவில்லை. "டீக்கு வரிசையில நிக்கறோம், நீ போ" என்றார். அடுத்த ஆட்டத்துக்கும் அதேதான், அதற்கடுத்ததற்கும் அதேதான்.

நவம்பரில் ஒரு ஆட்டம், கடைசி நிமிஷத்தில் நம் ஆள் ஒருவன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். நெவில் நின்ற இடத்திலிருந்து நாலு அடி தூரத்தில் பந்து வலைக்குள் விழுந்தது. எல்லாரும் குதித்தார்கள். நெவில் பக்கத்தில் திரும்பினார். அங்கே வெறும் கம்பித் தடுப்புதான் இருந்தது. எதிர்ப்பக்கம், டீக்கடைக் கூரைக்குக் கீழே, விரல் நகம் அளவுக்கு இரண்டு உருவம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. அணி ஜெயித்ததற்காக வருத்தப்பட்ட ஒரே ஹார்ன்ஷாக்காரர் அன்றைக்கு நெவில்தான்.

வீட்டில் வந்து கதவை அறைந்து சாத்தினார்.

"தோத்தாச்சா?" என்றாள் க்ளெண்டா.

"ஜெயிச்சாச்சு."

"அப்ப எதுக்கு இந்த மூஞ்சி? ஹெட்லி அந்தம்மாவோட வந்தாரா?"

"அவன் எவகூட வந்தா எனக்கென்ன?"

"ஒண்ணுமில்லதான். அதனாலதான் நாலு வாரமா நைட்டு பல்லைக் கடிச்சிட்டுத் தூங்கறே. நெவில், நான் பாட்டுக் குழுவுல சேந்தப்பகூட நீ இந்த ஆட்டம் ஆடல. பேசாம ஹெட்லியையே கட்டியிருந்திருக்கலாம் நீ."

"வாயை மூடு."

"போய் அவர்கிட்டயே சொல்லேன், எனக்குப் பொறாமையா இருக்குன்னு. சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

சொல்ல மாட்டார். நெவில் க்ளெக் எதை வேண்டுமானாலும் பேசுவார், நடுவரின் பார்வைக்குறைபாட்டைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார், அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவர் வாயிலிருந்து வராது. அதற்குப் பதிலாக அவர் ஒரு திட்டம் போட்டார்.

ஸ்டாக்பெக் அணிக்கும் நமக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊர். பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை அவர்களோடு ஆட்டம். நெவில் ஹெட்லியின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். பிலிப்பாவும் அங்கேதான் இருந்தாள், அதையும் விழுங்கிக்கொண்டார்.

"ஸ்டாக்பெக் ஆட்டத்துக்கு மூணு பேரும் பழைய வழியில போவோம்" என்றார். "படி ஏறி. நாலு பப்பும். வருஷத்துல ஒரு தடவை அதை முறையாச் செய்யணும். என்ன பிலிப்பா, ஒரு நாளைக்கு முட்டிய சமாளிச்சுக்க மாட்டீங்களா?"

ஹெட்லி பிலிப்பாவைப் பார்த்தார். பிலிப்பா ஹெட்லியைப் பார்த்தாள். அந்தப் பார்வை தன்னைத் தாண்டிப் போய் வந்ததே என்றுதான் நெவிலுக்கு எரிந்ததே தவிர, அதில் என்ன இருந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

"வேண்டாமே" என்றாள் பிலிப்பா.

"போவோம்" என்றார் ஹெட்லி. "ஸ்டாக்பெக் ஆட்டம்ல. போவோம் பிப்."

நெவிலின் கணக்கு சாதாரணமானது. நூற்று அறுபத்து நாலு படியில் அந்தம்மா பாதிகூடத் தாண்டமாட்டாள். மூச்சு வாங்கி, முகம் வியர்த்து, நான் பஸ்ஸிலேயே வருகிறேன் என்று திரும்பிவிடுவாள். இவளுக்காகவா என் படியை விட்டேன், என் சனிக்கிழமையை விட்டேன் என்று ஹெட்லிக்கு உறைக்கும். இரண்டு பேருமாக உச்சிக்குப் போய்ச் சேருவார்கள். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

அந்த நாள் வெயில் அடித்தது, காற்று மட்டும் ஊசியாகக் குத்தியது. ரயில்வேயில் நெவிலுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று பேருக்கும் அவரே வாங்கினார். ஹெட்லி தன் கிளாஸில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஃப்ளீஸிலும் அப்படித்தான், அங்கே பேச்சு நீண்டு எழுந்தபோது இரண்டரை தாண்டிவிட்டது. அவளோடு சேர்ந்து பீரைக்கூட மறந்துவிட்டான் என்று நெவில் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

படி ஆரம்பித்ததும் திட்டம் பலிப்பதுபோலத்தான் இருந்தது. இருபது படிகூட ஏறியிருக்கமாட்டார்கள், பிலிப்பா நின்றுவிட்டாள்.

"அந்தப் புகைக்கூண்டு எந்த மில்லுது நெவில்?"

"செருப்பு மில்லு. இப்ப அதுல ஆளுங்க குடியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே நெவில் மேலே நடந்தார்.

இன்னும் பத்துப் படி. மறுபடி நின்றாள். "ஒரு நிமிஷம். இதை எழுதிக்கறேன்." நோட்டை எடுத்து, பேனாவின் மூடியைத் தேடி, மெதுவாக எழுதினாள். அப்புறம் கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டாள். பூகோள டீச்சருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாதா என்று நெவில் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவர் காதில் விழுந்ததெல்லாம் ஒரு கிழவி மூச்சு வாங்க இடம் தேடுகிற சத்தம்தான். அவருக்குக் குஷி பிறந்தது. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் விழுந்துவிடுவாள் என்று வேகத்தைக் கூட்டினார். தபால் பை தோளில் இருந்த காலத்து நடை. வீவர்ஸ் வந்தபோது, "இங்க கூட்டமா இருக்கும், நேரா மேல போயிடலாம்" என்று வாசலைத் தாண்டினார். அதற்கு மேலே ஒரு பெஞ்சு உண்டு, இருபத்தேழு வருஷமும் அங்கே உட்கார்ந்துதான் போவார்கள். அதையும் தாண்டினார்.

"நெவில், கொஞ்சம் நில்லுங்க" என்றாள் பிலிப்பா கீழேயிருந்து.

"முட்டியா?" என்றார் நெவில், திரும்பாமலே. "பஸ்ஸு இன்னும் போகல பிலிப்பா. நீங்க வேணா இறங்கிக்கோங்க, நானும் ஹெட்லியும் மேல போய் உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கறோம்."

இன்னும் ஏழெட்டுப் படி ஏறிவிட்டுத்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

ஹெட்லி படியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தார் என்று சொல்லக்கூடாது, அந்தப் பெரிய உடம்பு சுவரோடு சரிந்து அங்கே தங்கியிருந்தது. முகம் ஈரச் சிமெண்டு நிறத்தில் இருந்தது. ஒரு கை மார்பில். முட்டி ஆகாத பிலிப்பா கீழேயிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். மூச்சே வாங்காமல், குனிந்து, கைப்பையைத் திறந்து, தேடாமல் கொள்ளாமல் ஒரு சின்ன ஸ்ப்ரே மருந்துக் குப்பியை எடுத்தாள்.

"நாக்கைத் தூக்கு ஹெட்லி. அவ்வளவுதான். இன்னொண்ணு. இப்ப பேசாதே."

நாக்குக்கு அடியில் இரண்டு தடவை பீய்ச்சினாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம். குறையலைன்னா ஆம்புலன்ஸ்" என்றாள், யாருக்கும் இல்லாமல் பொதுவாக. போனைத் தயாராக மடியில் வைத்துக்கொண்டாள். நெவில் இறங்கி வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

உயிர்ச் சிநேகிதன் சாகக் கிடக்கிறான் என்று அவர் நெஞ்சு பதறியது நிஜம். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில் அவர் மனசு கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு. அந்தக் குப்பி ஏன் இவளுடைய பைக்குள் இருக்கிறது? அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை.

நாலாவது நிமிஷத்தில் ஹெட்லியின் கன்னத்துக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியது.

"எப்பத்திலேருந்துடா இந்த நெஞ்சு வலி?" என்றார் நெவில்.

"ஆகஸ்டு."

"இவங்களுக்குத் தெரியுமா?"

"செப்டம்பர்ல தெரியும். ரெண்டாவது தடவை மூணு பேருமா ஏறினோம்ல, அன்னிக்கு. வீவர்ஸ் சுவர்ல சாஞ்சு நின்னுட்டேன். இவங்க பின்னாடி வந்துட்டிருந்தாங்க, பாத்துட்டாங்க."

"அன்னிக்கு நானும்தானே இருந்தேன்? ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தேன்டா. நீ அந்தப் பெனால்டியப் பத்திப் பேசிக்கிட்டே மேல போயிட்டே."

நெவிலுக்கு அந்தப் பெனால்டி நினைவு இருந்தது. நடுவர் எங்கே நின்றார், பந்து எங்கே பட்டது என்பதெல்லாம் துல்லியமாக நினைவு இருந்தது. தனக்குப் பின்னால் ஒரு குரல் வந்ததாக மட்டும் நினைவு இல்லை.

"அப்ப முட்டி?"

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் பிலிப்பா. "ஸ்காட்லாந்துல பாதி மலை ஏறியிருக்கேன். படி ஏறாததுக்கு முட்டி வலின்னு என் பேர்ல போடட்டுமான்னு ஹெட்லி கேட்டாரு. போட்டுக்கோங்கன்னேன்."

"அந்தப் பார்சல் கிண்டலு..."

"அதுவும் என் பேர்லதான்."

நெவில் படியில் உட்கார்ந்தார். ஹெட்லிக்கு இரண்டு படி மேலே. "என்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று கேட்டார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

ஹெட்லி கீழே ரயில் நிலையத்தைப் பார்த்தார். "உன்கூட இருந்தா நீ ஒருத்தனைக் கிழவனாக விடமாட்டேடா" என்றார். "எனக்கு அது ரொம்ப நாள் பிடிச்சிருந்துச்சு. அதான் சொல்லல."

"எனக்குப் பொறாமையா இருந்துச்சு." அது வந்தேவிட்டது. "அஞ்சு மாசமா. இவங்கமேல. நீ இவங்ககிட்ட அவ்வளவு பேசறே, சிரிக்கறே. எனக்குத் தாங்கல. இன்னிக்கு இவங்க ஏற முடியாம நிக்கறத நீ பாக்கணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். அதான் வேகமா நடந்தேன்."

பிலிப்பா தலையைத் திருப்பிக்கொண்டாள். ஹெட்லி, "தெரியும்" என்றார். "இவங்களும் சொன்னாங்க. ஆனா இவ்வளவு வேகமாப் போவேன்னு நினைக்கல."

மேலே திடலில் விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆரம்ப விசிலை வெளியில் இருந்து கேட்கிறோம் என்பது நெவிலுக்குத் தோன்றக்கூட இல்லை. அவர் எழுந்து பிலிப்பாவிடம் கையை நீட்டினார்.

"அதை என்கிட்டக் குடுங்க. இனிமே நான் வச்சுக்கறேன். எந்தப் பப்புக்குப் போனாலும், எந்த ஆட்டத்துக்குப் போனாலும் நான்தானே கூட இருக்கேன். பஸ்லயே வரேன். பாதியில பக்கம் மாறப் போகல. குடுங்க."

பிலிப்பாவுக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. குப்பியை அவர் கைப்பக்கம் கொண்டுவந்தாள்.

"வேண்டாம் பிப்" என்றார் ஹெட்லி. "உன்கிட்டயே இருக்கட்டும்."

"ஏன்டா?"

"நீ எப்பவும் பத்துப் படி முன்னாடி இருப்பே நெவில். எனக்கு வேணுங்கற நேரத்துல எட்டாது."

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஆட்டத்தில் எத்தனை கோல் என்று கேட்டவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அவள் குப்பியைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டாள். பையின் மூடி டக்கென்று விழுந்த சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

மேலே போவதில்லை, இறங்கி ஹெட்லியை டாக்டரிடம் காட்டிவிடுவது என்று பிலிப்பா சொன்னாள். மூன்று பேரும் இறங்கத் தொடங்கினார்கள். தடுமாறினால் பிடிக்க வேண்டுமே என்று நெவில் முன்னால் போய் நின்றார். இரண்டு படி இறங்கியதும், மறுபடி முன்னால்தான் நிற்கிறோம் என்று உறைத்து, ஒதுங்கி வழிவிட்டார். பக்கத்தில் போகலாம் என்று பார்த்தால், ஹெட்லிக்கு இடது கைப்பக்கம் கம்பி இருந்தது, வலது கைப்பக்கம் பிலிப்பா இருந்தாள். படியில் அதற்கு மேல் அகலம் இல்லை. அதனால் பின்னால் வந்தார்.

திடலில் ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. கோல் விழுந்திருக்கிறது, நமக்கா ஸ்டாக்பெக்குக்கா என்று தெரியவில்லை. ஹெட்லி நின்று காதைக் கொடுத்தார். பிலிப்பாவும் நின்றாள். நெவில் மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹெட்லியின் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய கையையும், அந்தக் கையில் ஆடிக்கொண்டிருந்த பையையும் பார்த்துக்கொண்டே, ஹெட்லி அடுத்த படியில் கால் வைக்கும்வரை, ஒரு படி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.